ஒரு காலுக்கு நாலு சொந்தக்காரங்க

கால் புண் பாக்குற வேலையில, "ஐயோ வலிக்குதே"ன்னு அலறிக்கிட்டு வர்றவரைப் பாத்து நாங்க பயப்படுறதில்லைங்க. "வலியா, அதெல்லாம் துளிக்கூட இல்லீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே ஒருத்தரு வர்றாரு பாருங்க, அவரைப் பாத்தாத்தான் எங்களுக்குப் பயம்.

நான் குப்பனூர்க்காரி. பேரு தனலட்சுமி, ஆனா அந்தப் பேரு எங்க ஊட்டு ரேசன் கார்டுல மட்டும்தான் இருக்குது. ஏற்காட்டுல ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து ஏரிக்கரை வரைக்கும் எல்லாருக்கும் நான் 'சிஸ்டரு'. பதினெட்டு வருசமா சர்க்கரைக்காரங்க கால் புண்ணுக்குக் கட்டுப் போடுறேன். சர்க்கரை ஏறி ஏறி கால்ல உணர்ச்சி போயிரும். புண்ணு வந்தாத் தெரியாது. தெரியிறப்ப சீழு எலும்பு வரைக்கும் போயிருக்கும். ஊட்டுல ஒரு சர்க்கரைக்காரரை வச்சுக்கிட்டு, "செருப்பைப் போடுங்க, செருப்பைப் போடுங்க"ன்னு தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறீங்க இல்லீங்களா, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். நாமெல்லாம் ஒரே கட்சிங்க.

எங்க ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை கால் கிழமை. அன்னிக்கு சேலத்துல இருந்து ரெண்டு டாக்டருங்க கார்ல மேல வருவாங்க. ஒருத்தரு சர்ஜன் கருணாகரன், கத்தி அவரு கையில. இன்னொருத்தங்க சர்க்கரை டாக்டர் வசந்தா மேடம். பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேக்காத மாதிரிதான் பேசுவாங்க. மூணாவது ஆளு மாரியப்பண்ணன். பஸ்ல, தோள்ல பையை மாட்டிக்கிட்டு, கொண்டை ஊசி வளைவுல தலை சுத்துறவங்களுக்கெல்லாம் எலுமிச்சம்பழம் குடுத்துக்கிட்டே வருவாரு. சர்க்கரைக்காரங்களுக்கு அளவெடுத்து செருப்பு தைக்கிறது அவரு வேலை. நாலாவது நான்.

எங்க சர்ஜன் ஒரு சட்டம் வச்சிருக்காரு. நாலு பேரும் காலைத் தொட்டுப் பாத்து, ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னப்புறம்தான் கத்தியை எடுக்கணும். செருப்புத் தைக்கிறவரு வார்த்தைக்கும் அவரு வார்த்தைக்கும் ஒரே எடை. நான் வேலை பாத்த வேற எந்த எடத்துலயும் இப்பிடி ஒண்ணைப் பாத்ததில்லைங்க.

நாலு பேரு சேந்து வந்தா

மார்கழி மாசத்துல ஒரு வியாழக்கிழமை, தலைச்சோலையில இருந்து சடையண்ணனை அவரு சம்சாரம் சின்னப்பொண்ணு ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வந்தாங்க. அம்பது வயசு மனுசன். எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்துல ஏறிக் கிளை கழிக்கிறதும், மிளகு பறிக்கிறதும் வேலை. பத்து நாளைக்கு முன்னால நெருப்புப் போட்டுக் குளிர் காஞ்சிருக்காரு. வலது காலு நெருப்புக்கு நொம்பக் கிட்ட போயிருக்குது, காலுக்குத் தெரியலை. தோலு கருகுற வாசம் வந்தப்பக்கூட, "யாரோ கோழி வாட்டுறாங்க போல"ன்னு சொன்னாராம். இப்பக் காலு வீங்கி, காச்சல் அடிச்சு, ரூம்புக்குள்ள நிக்க முடியாத நாத்தம்.

நாலு பேரும் சுத்தி நின்னோம். மேடம் ஒரு சின்ன மிசினை கணுக்கால்ல வச்சு ரத்தம் ஓடுற சத்தத்தைக் கேட்டாங்க. உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வந்ததும் மேடம் மொகம் தெளிஞ்சுருச்சு. ரத்தம் ஓடுனாத்தான் காலைக் காப்பாத்துறதுக்கு வழி. சர்ஜன் ஒளிவுமறைவு இல்லாமச் சொன்னாரு: பெருவிரலுக்குப் பக்கத்து விரலு போயிருச்சு, இன்னிக்கே எடுத்துட்டு சீழைத் தெறந்து விடணும், மிச்சத்தைக் காப்பாத்திப் பாக்கலாம், தவறினா முழங்காலுக்குக் கீழ மொத்தமாப் போயிரும்.

சடையண்ணன் கண்ணு கலங்கிருச்சு. "காலு போனா நான் எதுக்குங்க"ன்னாரு. சர்ஜன் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அந்த நாத்தக் காலைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டாரு. "இந்தக் காலு இனிமே உங்களுது மட்டும் இல்லை. நாங்க நாலு பேரும் இதுக்குச் சொந்தக்காரங்க. எங்களைக் கேக்காம இதை மண்ணுல வைக்கக் கூடாது"ன்னாரு. பதினெட்டு வருசத்துல எத்தனையோ டாக்டருங்களைப் பாத்துட்டேன், அந்த மடியை நான் மறக்க மாட்டேன். சடையண்ணன் எங்களை ஒருத்தர் ஒருத்தராப் பாத்தாரு. அந்தக் காச்சல்லயும் மனுசனுக்கு குறும்பு போகலைங்க.

"ஏனுங்க சார், நாலு பேரு சேந்து வந்து சுத்தி நின்னாலே எனக்குப் பயமுங்க. எங்கூர்ல நாலு பேரு எதுக்கு வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

சிக்கரி கலக்காதது

ஆபரேசனுக்கு முன்னால புண்ணைக் கழுவுறது என் வேலை. தண்ணி ஊத்த ஊத்த கறுப்புக் கறுப்பா வந்துக்கிட்டே இருக்குது. அழுகின சதைன்னு நெனச்சா, மணம் வேற மாதிரி இருக்குது. மூக்கை நம்ப முடியலை. காலையில ஆஸ்பத்திரி கேன்டீன்ல குடிச்சதுகூட இவ்வளவு மணக்கலைங்க.

எனக்கு வந்துச்சே கோவம்! மஞ்சளு, சுண்ணாம்பு, பேஸ்ட்டு, புகையிலைன்னு நான் பாக்காத வைத்தியம் இல்லை. இருந்தாலும் சீழு வடியிற புண்ணுல காப்பித்தூளை அடைச்சு, மேல துணி கட்டி, பத்து நாளு ஊட்டுலயே வச்சிருந்தா யாருக்குத்தான் கோவம் வராது? "கண்ட கண்ட தூளையெல்லாம் அடைச்சு அந்த மனுசனோட காலையே முடிச்சுருவீங்களா"ன்னு சின்னப்பொண்ணுகிட்ட சண்டைக்குப் போயிட்டேன். அந்தம்மா அழுவாங்கன்னு பாத்தா, அவங்களுக்கு என்னைவிடக் கோவம். இடுப்புல கையை வச்சுக்கிட்டு நேரா நின்னாங்க.

"கண்ட தூளுன்னு சொல்லாதீங்க சிஸ்டரு. எங்க தோட்டத்துல பறிச்சு, நானே வறுத்து, நானே இடிச்ச தூளுங்க. சிக்கரி ஒரு துளி கலக்கலை!"

பதினாலாம் நம்பர் ரூம்பு

விரலை எடுத்துட்டு சடையண்ணன் வார்டுல படுத்திருந்த சமயத்துல நடந்தது இது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுல ரூம்பு பாக்குற செல்வம் வந்தாரு. சேலத்து ஆளு. கால்ல ஒண்ணும் இல்லை, சும்மா மாத்திரை வாங்கத்தான் வந்தேன்னாரு. மாரியப்பண்ணன் யாரையும் சும்மா விட மாட்டாரு. "ஷூவைக் கழட்டுங்க தம்பி"ன்னாரு. அவரு மொதல்ல காலைப் பாக்க மாட்டாரு. ஷூவைக் கையில வாங்கித் தலைகீழா ஒரு உதறு உதறுவாரு. இதுவரைக்கும் ஆணி, மிளகு, காப்பிக்கொட்டை, ஒருக்கா உசுரோட ஒரு பூரான் எல்லாம் விழுந்திருக்குது.

அன்னிக்கு விழுந்தது ஒரு சாவி. ஒரு நாள் பூரா அந்தச் சாவியை மிதிச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்காரு மனுசன். பாதத்துல அச்சு அசலா சாவியோட பல்லு பதிஞ்சு, நடுவுல கொப்புளம். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அவரும் சடையண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில்லதான். நான் மருந்து வச்சுக்கிட்டு இருக்கேன், செல்வம் காலையே பாக்கலை, சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"அட, பதினாலாம் நம்பர் ரூம்பு சாவிங்க! நேத்து வந்த கெஸ்டுக்குப் பூட்டை ஒடச்சில்ல தொறந்து விட்டோம்!"

கத்திக்கு லீவு

சடையண்ணன் புண்ணு நல்லா ஆறிக்கிட்டு வந்துச்சு. தை மாசத்துல ஊட்டுக்கு அனுப்புனோம். மாரியப்பண்ணன் அந்தக் காலுக்குன்னே ஒரு செருப்பு தச்சாரு. அடியில மெத்துன்னு ரப்பர், புண்ணு இருக்கிற எடத்துல பாரம் விழாத மாதிரி பள்ளம், விரலு போன எடத்துக்குத் தனி அணைப்பு. சடையண்ணன் வியாழக்கிழமை தவறாம அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு வருவாரு. ஆனா மாசியில புண்ணு அப்பிடியே நின்னுபோச்சு. மூடவும் இல்லை, சுத்தி ஓரமெல்லாம் தடிச்சு, உள்ள மறுபடியும் சீழு. சர்ஜன் நொம்ப நேரம் பாத்துட்டு, "முன்பாதத்தை எடுத்துட்டா மிச்சம் தங்கும். விட்டா மேல ஏறிரும்"ன்னாரு. சின்னப்பொண்ணு செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

சட்டப்படி ஆளுக்கொரு வார்த்தை. மேடம், "சர்க்கரை அடங்கியிருக்கு, ரத்தமும் ஓடுது. அப்புறம் ஏன் ஆறலை?"ன்னாங்க. நான், "கட்டு ஒழுங்காத்தான் இருக்குதுங்க சார், ஆனா துணியில செம்மண் கறை இருக்குது"ன்னேன். மாரியப்பண்ணன் காலைத் தொட்டாரு. குனிஞ்சு கட்டிலுக்கு அடியில இருந்த செருப்பை எடுத்தாரு. திருப்பி அடிப்பக்கத்தைப் பாத்தாரு, விரலால தடவினாரு, சர்ஜன்கிட்ட நீட்டினாரு. ஒன்றரை மாசம் போட்ட செருப்பு, தச்சு வச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்குது. "சார், இந்தச் செருப்பு தலைச்சோலையையே பாக்கலை. நம்ம ஆஸ்பத்திரித் தரையைத்தான் பாத்திருக்குது"ன்னாரு.

சடையண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினதும் பிளாஸ்டிக் கவர்ல இருந்து எடுத்துப் போட்டுக்குவாராம். திரும்பிப் போறப்ப தொடச்சுக் கவர்ல போட்டு, ஊட்டுல டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுருவாராம். மத்த ஆறு நாளும் தோட்டம் காடெல்லாம் வெறுங்காலு. "இத்தனை மெனக்கெட்டுத் தச்சுக் குடுத்ததைச் சேத்துல போட்டு நாசம் பண்ண மனசு வரலைங்க"ன்னாரு. எனக்கு அவரை அடிக்கவும் தோணுச்சு, கட்டிப்புடிச்சு அழவும் தோணுச்சு. சர்ஜன் கேஸ் ஷீட்டுல எழுதினதை அடிச்சாரு. "என் கத்திக்கு இன்னிக்கு லீவு. ஆறு வாரம் பாக்கலாம். மாரியப்பன், இனி நீங்கதான் ஆபரேசன் பண்ணணும்"ன்னாரு. செருப்புத் தைக்கிறவரு சொன்ன ஒரு வார்த்தைக்கு சர்ஜன் கத்தியைக் கீழ வச்சதைப் பாத்தேங்க நான். அவரு சின்னவராப் போயிரலை, என் கண்ணுக்கு இன்னும் ஒரு அடி ஒசந்துட்டாரு.

மாரியப்பண்ணன் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து அதே அளவுல இன்னொரு ஜோடி தச்சாரு. வேணும்னே அழுக்கு நெறத்துல, பாக்கச் சகிக்காத மாதிரி. அதைச் சடையண்ணன் கையில குடுத்துட்டு, வெரலை நீட்டிச் சொன்னாரு.

"அது சாமி செருப்பு, பெட்டியிலயே இருக்கட்டும். இது உழைக்கிற செருப்பு. தேஞ்சு, நாறி, கிழிஞ்சு வந்தாத்தான் எனக்கு மரியாதை. புதுசாட்டம் கொண்டாந்தே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

ரைட்டரு கேட்டது

எத்தனை செருப்பு தச்சாலும் அந்தக் காலை வச்சுக்கிட்டு மரம் ஏற முடியாது. வேலையில்லாம ஊட்டுல உக்காந்தா சோறு எப்பிடி? எஸ்டேட்ல கணக்கு எழுதி, ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிற ரைட்டருக்கு மேடம் போன் போட்டாங்க. பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேக்காதுன்னு சொன்னேனே, அந்த மேடம் அன்னிக்குப் பேசினது வராண்டாக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு. சடையண்ணனை நாத்துப் பண்ணையில உக்காந்து நாத்துப் பையில மண்ணு நெரப்புற வேலைக்கு மாத்துறேன்னு ரைட்டரு ஒத்துக்கிட்டாரு. அடுத்த வியாழக்கிழமை அவரே வந்து வரிசையில உக்காந்திருந்தாரு. என்னங்க விசயம்னு கேட்டேன்.

"மேடம் போன்ல கத்தின கத்துல எனக்கே ரெண்டு காலும் மரத்துப்போச்சுங்க சிஸ்டரு, எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க."

சாமிகிட்ட குடுத்த வார்த்தை

பங்குனி முடியறப்ப புண்ணு மூடிருச்சுங்க. புதுத்தோலு, ரோசாக் கலர்ல, பொறந்த கொழந்தை தோலாட்டம். உழைக்கிற செருப்பு அடியெல்லாம் தேஞ்சு, ஓரம் பிஞ்சு, சகிக்க முடியாத நாத்தத்தோட வந்துச்சு. மாரியப்பண்ணன் அதை மோந்து பாத்துச் சிரிச்சாரு. சின்னப்பொண்ணு ஒரு கூடை ஆரஞ்சும், கூடவே ஒரு பொட்டலம் காப்பித்தூளும் கொண்டாந்திருந்தாங்க. "குடிக்கிறதுக்குங்க"ன்னு என்னைப் பாத்து அழுத்திச் சொன்னாங்க.

அப்பத்தான் சடையண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டாரு. விரலு எடுத்த அன்னிக்கு அவங்க ஊருக்கு மேல பாறை உச்சியில இருக்கிற சாமிகிட்ட நேந்துக்கிட்டாராம்: காலு தங்கிருச்சுன்னா, ஊட்டு வாசல்ல இருந்து கோயிலு வரைக்கும் வெறுங்காலோட நடந்து வந்து பொங்க வைக்கிறேன்னு. ஒரு மணி நேர ஏத்தம். கல்லு, முள்ளு, வேரு. நாலு மாசம் பாடுபட்டுக் காப்பாத்தின காலை, காப்பாத்துனதுக்கு நன்றி சொல்லவே பலி குடுக்கிறேங்குறாரு! மேடம் மறுபடியும் வராண்டாக் கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி கத்தினாங்க. நான் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவரு எதுக்கும் அசையலை. "டாக்டருங்க சொல்லுக்கு இந்த ஆறு வாரமாக் கட்டுப்பட்டேங்க. சாமிகிட்டயும் ஒரு வார்த்தை குடுத்திருக்கேனில்லீங்க"ன்னாரு. அந்த மனுசனைத் தப்புச் சொல்லவும் முடியலை.

சனிக்கிழமை நான் பஸ் ஏறி தலைச்சோலைக்கே போயி பூசாரியைப் பாத்தேன். காட்டு வேலை முடிச்சு, மம்முட்டியோட வந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, மம்முட்டியைக் கீழ வச்சாரு. "காலைக் கேட்டான், சாமி குடுத்துச்சு. குடுத்ததை மறுநாளே கல்லுல தேச்சு அழிச்சா சாமிக்குத்தான் அவமானம். வேண்டுதலு அந்தக் காலுக்கு. அவனால முடியலைன்னா, அந்தக் காலுக்குச் சொந்தக்காரங்க யாரு நடந்து வந்தாலும் சாமி ஏத்துக்கும்"னாரு. எனக்கு உசுரே திரும்ப வந்துச்சு. சின்னப்பொண்ணு நடந்துட்டாப் போச்சு! அடுத்த வியாழக்கிழமை, ஜெயிச்சுட்ட தெம்புல, டாக்டருங்க முன்னாலயே அதைச் சடையண்ணன்கிட்ட சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டாரு, தலையாட்டினாரு, சர்ஜன் பக்கம் திரும்பினாரு.

"அன்னிக்கு நீங்கதானுங்களே சார் சொன்னீங்க, இந்தக் காலுக்கு நாங்க நாலு பேரும் சொந்தக்காரங்கன்னு? ஞாயித்துக்கிழமை வெயிலுக்கு முன்னால வந்துருங்க."

நல்ல காலு

சர்ஜன் சிரிச்சுத் தட்டிக் கழிச்சுருவாருன்னு நெனச்சேன். அவரு குனிஞ்சு சடையண்ணன் காலைத் தொட்டாரு. "சொன்னேன்தான். வர்றோம்"னாரு. மேடம் சும்மா விடலை. நாலு பேர்த்தையும் வரிசையா உக்கார வச்சு, விரலைக் குத்திச் சர்க்கரை பாத்து, நைலான் இழையால உள்ளங்கால்ல தொட்டுத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டு, தன் காலுக்கு என்னை விட்டுப் பாக்கச் சொல்லி, எல்லாருக்கும் உணர்ச்சி இருக்குதுன்னு எழுதி வச்சப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சடையண்ணன் ஊட்டு வாசல்ல நாலு ஜோடி செருப்பையும் கழட்டினோம். சின்னப்பொண்ணு பொங்கப் பானையைத் தலையில வச்சுக்கிட்டு முன்னால போனாங்க. அவங்க வேகத்துக்கு யாராலயும் ஈடு குடுக்க முடியலை. மொதல் வளைவுலயே சர்ஜனுக்கு "ஸ்ஸ்ஸ்"ன்னு ஆரம்பிச்சுருச்சு. மேடம் கல்லுக்குக் கல்லு நின்னு நின்னு வந்தாங்க. மாரியப்பண்ணன், "செருப்போட அருமை இப்பத் தெரியுதுங்களா"ன்னு எல்லாரையும் கேட்டுக்கிட்டே வந்தாரு, ரெண்டாவது முள்ளுல அவரும் வாயை மூடிக்கிட்டாரு. எனக்கு? திட்டுறதுக்கு யாரும் கெடைக்காம என்னையே திட்டிக்கிட்டு ஏறினேன்.

சடையண்ணன் ரைட்டரு பைக்ல பாதை இருக்கிற வரைக்கும் வந்து, மிச்சத்தைச் செருப்புக் காலோட கம்பு ஊணிக்கிட்டு மெல்ல நடந்து, எங்களுக்கு முன்னால வந்து கோயில் எல்லைக்கு வெளியில ஒரு பாறையில உக்காந்திருந்தாரு. பெட்டிக்குள்ள இருந்துச்சே சாமி செருப்பு, அன்னிக்குத்தான் அது தலைச்சோலையைப் பாத்துச்சு. பூசாரி விபூதியை வெளியவே கொண்டாந்து பூசி விட்டாரு. பொங்க பொங்கினப்ப அந்த மனுசன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாரு, கண்ணுல தண்ணி கொட்டுது. எங்களுக்கும்தான்.

பொறவு எங்களைக் கூப்பிட்டு வரிசையா உக்கார வச்சாரு. தினமும் உள்ளங்காலைப் பாக்கணும்னு நான் குடுத்த கைக்கண்ணாடியைச் சட்டைப் பையில இருந்து எடுத்தாரு. ஒவ்வொரு காலாத் தூக்கி, முள்ளை எடுத்து, தண்ணியில கழுவி, விரலுக்கு விரலு நடுவுல தொடச்சு விட்டாரு. நாலு மாசமா நான் செஞ்ச மாதிரியே, ஒண்ணுகூட விடாம. சர்ஜன் காலு வந்ததும் அதைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டாரு. பெருவிரலுக்குக் கீழ ஒரு பெரிய கொப்புளம். சடையண்ணன் மொகம் வாடிப்போச்சு. "ஏனுங்க சார், இது வலிக்குதுங்களா?"ன்னு பதறிக் கேட்டாரு. "உயிர் போகுது சடையா"ன்னு சர்ஜன் பல்லைக் கடிச்சாரு. அதைக் கேட்டதும் சடையண்ணனுக்கு மூச்சு வந்துச்சு, அந்தக் காலை ரெண்டு தட்டுத் தட்டினாரு.

"வலிக்குதுன்னா பயமே இல்லீங்க சார். நல்ல காலுங்க இது."

வெறுங்காலோட நடக்காதீங்கன்னு ஊரையே திட்டிச் சம்பளம் வாங்குற நாங்க நாலு பேரும், மக்கா நாளு திங்கக்கிழமை நொண்டிக்கிட்டேதாங்க வேலைக்குப் போனோம்.